நலம் என்று ஒரு பொத்தான்

"இது விழுந்தா சொல்லுமா, பாப்பா?"

முத்துலிங்கம் கேட்டதும், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற சுதர்ஷினி சிரித்துவிட்டாள்.

"வாட்ச் விழுந்தா எப்படி மாமா சொல்லும்? உடைஞ்சுதான் போகும்."

"வாட்ச் இல்ல. கட்டியிருக்கிற ஆளு விழுந்தா."

சுதர்ஷினியின் சிரிப்பு நின்றது. ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்தப் போன் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. வீடு முத்துலிங்கத்தின் தோட்டத்தில்தான், நோர்வூட் பக்கம். அவன் ஏன் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

போன மாதம் தோட்டத்தின் பக்கத்து டிவிஷனில் கொழுந்து எடுத்த அழகம்மா இறந்துபோனாள். காலையில் மலைக்குப் போனவள் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வரவில்லை. தேடிப் போய்ப் பார்த்தபோது தேயிலைக்கு நடுவே உடம்பு குளிர்ந்து கிடந்தது. மாரடைப்பு என்றார்கள். விழுந்த உடனே யாராவது பார்த்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றும் சொன்னார்கள்.

யார் பார்ப்பது? முன்பு பெண்கள் பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்று கொழுந்து எடுத்தார்கள். ஒருத்தி குனிந்து நிமிரத் தாமதமானால் அடுத்தவளுக்குத் தெரிந்துவிடும். இப்போது தோட்டத்தில் மலையைத் துண்டு போட்டு, குடும்பத்துக்கு ஒரு துண்டு என்று கொடுத்துவிட்டார்கள். தன் துண்டில் எடுத்த கொழுந்தைத் தோட்டத்துக்கு நிறுத்துக் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்ள வேண்டியது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டாம், கங்காணியின் கத்தலும் இல்லை. பெண்களுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அவரவர் துண்டில் அவரவர் தனியாக நின்றார்கள்.

முத்துலிங்கத்தின் மனைவி நாகலெட்சுமியும் அப்படித்தான் நின்றாள். அவளுக்கு இரத்த அழுத்தம் திடீரென்று இறங்கிவிடும். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் ஒரு தடவை, கோயில் படியில் ஒரு தடவை மயங்கி விழுந்திருக்கிறாள். இரண்டு இடத்திலும் ஆட்கள் இருந்தார்கள். மலையில் யாரும் இல்லை. அவனுக்கோ கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. அழகம்மாவின் சாவைக் கேட்ட நாளிலிருந்து அவனுக்குச் சரியான தூக்கம் இல்லை. இப்போது ஒரு வார லீவில் வந்திருக்கிறான். திரும்பிப் போவதற்குள் இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும்.

சுதர்ஷினி இரண்டு வாட்சை எடுத்து வைத்தாள்.

"இது விலை குறைவு. நடந்த தூரம் காட்டும், நாடித்துடிப்பு காட்டும். விழுந்தா இதுக்குத் தெரியாது. இந்தா, இதுக்குத் தெரியும்." கறுப்பு நிறத்தில், அழகாக, கனமாக இருந்த இரண்டாவதைக் கையில் எடுத்தாள். "விழுந்தா உடனே கையில அதிரும். கண்ணாடியில ரெண்டு பொத்தான் வரும். சிவப்ப அமுக்குனா உதவிக்கு ஆள் கூப்பிடும். பச்சைய அமுக்குனா, 'நான் நலமா இருக்கேன்'னு அர்த்தம். பேசாம விட்டுரும்."

"ரெண்டையும் அமுக்கலேன்னா?"

"அதான் மாமா விசேஷம். கொஞ்ச நேரம் பாக்கும். அசைவு இல்லேன்னா, ஆளு மயங்கிட்டாங்கன்னு அதுவே உங்க நம்பருக்கு அடிக்கும். என்ன, போனும் அவுங்க கிட்டயே இருக்கணும். அத்தை மலைக்குப் போன் கொண்டுபோவாங்களா?"

"மடியில கட்டிவிட்டுர்றேன். சிக்னலும் அங்க நல்லா இருக்கு."

விலையைச் சொன்னாள். அவனுடைய மூன்று மாதச் சம்பளம். முத்துலிங்கம் வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பெரிய டாக்டருங்களும் தொரைமாருங்களும் கட்டுறது" என்றாள் சுதர்ஷினி. "நான் விக்கிறவ, நல்லதுன்னுதான் சொல்லுவேன். ஆனா கொழுந்து எடுக்கிற கையில இது எப்படி வேலை செய்யும்னு எனக்குத் தெரியாது. முதலாளிகிட்டக் கேட்டு, பார்வைக்கு வச்சிருக்கிறத ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாரேன். கட்டிப் பாருங்க. சரிவந்தா காசு குடுங்க. கீறல் மட்டும் போட்டுறாதீங்க, என் வேலை போயிரும்."

*

"காவலுக்கு நாய் வாங்கிக் குடுத்திருக்கலாம்" என்றாள் நாகலெட்சுமி. "கொரைச்சாலும் கொரைக்கும், மிச்சச் சோத்தையும் தின்னும்."

"கையை நீட்டு புள்ள."

"இந்த வெலைக்கு ஒரு மாடு வாங்கலாங்க. மாட்டுக்குக் கீறல் விழுந்தாலும் யாரும் கேக்கமாட்டாங்க."

"நாகு, நான் அங்க உக்காந்துக்கிட்டு, இவ இந்நேரம் எங்க விழுந்து கெடக்கிறாளோன்னு நெனைச்சுக்கிட்டே சீலையை மடிக்கிறேன். வாடிக்கைக்காரங்க சிவப்புக் கேட்டா நீலத்தை எடுத்துப் போடுறேன். முதலாளி ரெண்டு தடவை ஏசிட்டாரு."

நாகலெட்சுமி கையை நீட்டினாள்.

உதவிக்கு இரண்டு நம்பர் போட்டார்கள். ஒன்று முத்துலிங்கத்தினுடையது. அவன் கொழும்பில் இருக்கும்போது ஓடிவர ஆள் வேண்டுமே என்று, மற்றது அதே லயத்து வரிசை வீடுகளில் ஆட்டோ வைத்திருக்கும் நல்லமுத்துவினுடையது.

மறுநாள் காலை வாட்சோடு மலைக்குப் போனாள். கொழுந்து நிரம்பிய சாக்கைத் தலையிலிருந்து இறக்கித் தரையில் போட்டாள். பாரத்தோடு கையும் வேகமாகக் கீழே போய் நின்றது. வாட்ச் அதிர்ந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. சாக்கின் மேலேயே உட்கார்ந்து, வாட்ச் கட்டிய கையை மடியில் போட்டுவிட்டு, மறு கையால் போத்தலில் இருந்த சாயத் தண்ணியைக் குடிக்கத் தொடங்கினாள்.

லயத்தில் முத்துலிங்கத்தின் போன் அடித்தது. நல்லமுத்துவின் போனும் அடித்தது.

தோட்டத்தில் யாராவது விழுந்தால் லயமே ஓடும். அப்படித்தான் ஓடியது. நல்லமுத்து கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார், தூக்கிவர வேண்டுமே என்று. அடுப்பை அணைக்காமல் ஒருத்தி ஓடினாள். மேலே போகப் போக, தங்கள் துண்டுகளில் நின்ற பெண்களும் கொழுந்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். எல்லாருக்கும் அழகம்மாவின் ஞாபகம்.

நாகலெட்சுமி போத்தலும் கையுமாக எழுந்து நின்றாள். "என்னா? யாருக்கு என்னா?"

மூச்சு வாங்கியபடி நல்லமுத்து அவளைப் பார்த்தார். "உனக்குத்தான். நீ செத்துட்டேன்னு உன் வாட்ச் சொல்லுச்சு."

சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. ஒருத்தி, "நாங்க கீழே போட்டுட்டு வந்த கொழுந்த யாரு அள்ளிக் குடுப்பா?" என்று முணுமுணுத்துக்கொண்டு இறங்கினாள். பக்கத்துத் துண்டுக்காரி காளியாயி மட்டும் நெருங்கி வராமல், எல்லையில் தண்ணீர் ஓட வெட்டியிருந்த கானுக்கு அந்தப் பக்கமே நின்று பார்த்தாள். அந்தக் கானை ஒட்டிய ஒரு வரிசைத் தேயிலை யாருக்கு என்று, துண்டு பிரித்த நாளில் இருவருக்கும் பெரிய சண்டை. அன்றிலிருந்து பேச்சு இல்லை. நாகலெட்சுமி நிற்பதைக் கண்டதும் அவள் திரும்பிப் போய்விட்டாள்.

அன்று மாலை தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் நாகலெட்சுமியைப் பார்த்து, "என்னா நாகு, இன்னைக்கு எத்தனை தடவை செத்த?" என்று கேட்டார்கள். அவள் முகம் சிறுத்து வீட்டுக்கு வந்தாள்.

"கழட்டுங்க இத. மானம் போகுது."

"பழகணும் நாகு. வா, சொல்லித் தாரேன்."

முத்துலிங்கம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். கையில் அதிர்ந்தால் பார். பச்சையும் சிவப்பும் வரும். சாக்கு இறக்கினதாலோ கான் தாண்டிக் குதித்ததாலோ அதிர்ந்தால், உடனே பச்சையை அமுக்கு. யாருக்கும் அடிக்காது. அவளைக் கட்டிலிலிருந்து தடாலென்று உட்கார வைத்து, கையைத் தட்ட வைத்து, அதிரும்போதெல்லாம் பச்சையை அமுக்கச் செய்தான். சின்னப் பிள்ளைக்கு எழுத்துப் பழக்குவது போல அவளுடைய விரலைப் பிடித்து வைத்தான்.

அடுத்த நாள் கூடவே மலைக்குப் போய்ப் பார்த்தான். கானைத் தாண்டினாள். அதிர்ந்தது. அமுக்கினாள். காலில் ஏறிய அட்டையை ஓங்கி அடித்தாள். அதிர்ந்தது. அமுக்கினாள். அதற்கு அடுத்த நாள் அவள் வாட்சைப் பார்க்கக்கூட இல்லை. ஒரு கை கொழுந்தைச் சாக்கில் போட்டுக்கொண்டிருக்க, மறு கையின் விரல் தானாகப் போய்ப் பச்சையைத் தொட்டுவிட்டு வந்தது. போன் ஒரு தடவையும் வீணாக அடிக்கவில்லை.

"கெட்டிக்காரி" என்றான் முத்துலிங்கம். "இவ்வளவுதான் வித்தை."

அன்றிரவு அவன் நன்றாகத் தூங்கினான். வாங்கிவிடுவது என்று முடிவு செய்துவிட்டான்.

*

சனிக்கிழமை காலையில் முத்துலிங்கம் நோர்வூட்டுக்குப் போனான். கொழும்புக்குக் கொண்டுபோகச் சில சாமான்கள் வாங்க வேண்டியிருந்தது. அடிக்கடி போனை எடுத்துப் பார்த்தான். அது சத்தமில்லாமல் இருந்தது. அந்த அமைதிக்குத்தான் மூன்று மாதச் சம்பளம் என்று நினைத்தபோது, விலை பெரிதாகத் தெரியவில்லை.

அவன் திரும்பும்போது மழை பிடித்துவிட்டது. மலையை மூடிக்கொண்டு பனி இறங்கியது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் தலையில் ரப்பர் சீட்டைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நாகலெட்சுமி இல்லை.

"அவ இன்னும் எறங்கலையே அண்ணே" என்றாள் ஒருத்தி.

முத்துலிங்கம் மறுபடியும் போனைப் பார்த்தான். ஒன்றும் இல்லை. அழைத்துப் பார்த்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்றும் ஆகியிருக்காது, ஆகியிருந்தால் வாட்ச் சொல்லியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேலே நடந்தான். பாதி வழியில் நடை ஓட்டமாக மாறியது.

"நாகு! ஏ நாகு!"

பனிக்குள் அவனுடைய குரல்தான் திரும்பி வந்தது. துண்டின் மேல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு நிரையாகப் பார்த்துக்கொண்டு வந்தான். கடைசியில், கானுக்குப் பக்கத்தில், தேயிலைக்குக் கீழே சேலையின் ஓரம் தெரிந்தது.

ஒரு கால் கானுக்குள் மடங்கிக் கிடந்தது. முகத்தில் மழைத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. அவன் பக்கத்தில் விழுந்து மார்பில் காதை வைத்தான். தன் நெஞ்சு அடித்த அடியில் அவளுடையது கேட்கவில்லை. வாய்விட்டுக் கத்தினான்.

கானுக்கு அந்தப் பக்கம் தேயிலை அசைந்தது. காளியாயி சேற்றில் வழுக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ஒரு கணமும் நிற்காமல் நாகலெட்சுமியின் தலையைத் தூக்கி மடியில் வைத்து, தன் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, இரண்டு கன்னத்திலும் அறைந்தாள்.

"மூச்சு இருக்கு அண்ணே. கத்தாம காலைப் புடிங்க. கான்லேருந்து எடுங்க."

காலை எடுத்தபோது நாகலெட்சுமி முனகினாள். அந்த முனகலைக் கேட்ட பிறகுதான் முத்துலிங்கத்துக்கு மூச்சு வந்தது.

"நான் அந்தா அங்கதான் நின்னேன்" என்றாள் காளியாயி. "கூப்புடுற தூரம்தான். முதுகைத் திருப்பிக்கிட்டு என் தேயிலை மரத்தையே பாத்துக்கிட்டு நின்னேன். எனக்குத் தெரியல அண்ணே."

சத்தம் கேட்டு வந்த நல்லமுத்துவும் இன்னும் மூன்று பேரும் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அன்று யாரும் கேலி பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். எலும்பு முறிந்திருந்தது. குளிரும் மயக்கமும் சேர்ந்திருந்ததால், இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். அழுத்தத்துக்கு மாத்திரையை மாற்றி எழுதினார். ஒரு தாதி, கையில் ஊசி ஏற்றுவதற்காக வாட்சைக் கழற்றி முத்துலிங்கத்திடம் கொடுத்தாள். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. நாடித்துடிப்பு காட்டும் இடத்தில் எண்கள் மட்டும் துடிப்பைத் தேடுவது போலக் கொஞ்ச நேரம் மாறி மாறி ஓடிவிட்டு மறைந்தன.

பின்னேரம் நாகலெட்சுமி நன்றாகக் கண் திறந்தாள். அவன் கட்டிலோரம் குனிந்தான். கேட்கக்கூடாது என்றுதான் இருந்தான். ஆனால் வாய் கேட்டுவிட்டது.

"வாட்ச் அதிரலையா நாகு? பொய்யான சாமானா அது?"

"அதிர்ந்துச்சுங்க."

"அப்புறம்?"

அவள் கண்ணைக் கூரைப் பக்கம் திருப்பினாள்.

"தலை சுத்திக் கான்ல விழுந்துட்டேன். உடனே கையில அதிர்ந்துச்சு. பச்சைய அமுக்கிட்டேன். விரல் தானாப் போயிருச்சு. அமுக்கினதுக்கப்புறம்தான் காலு உள்ள மாட்டியிருக்கிறது தெரிஞ்சுச்சு. போனு மடியிலேருந்து எங்கேயோ தெறிச்சுப் போயிருச்சு. சரி, கொஞ்சம் படுத்திருந்தா தெளிஞ்சுரும், என்னாத்துக்கு எல்லாரையும் ஓட வைக்கணும்னு நெனைச்சேன். பெறகு ஒண்ணும் தெரியல."

"வாட்ச் மறுபடி கேக்கலையா?"

"நாந்தான் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டேனே."

முத்துலிங்கம் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். அவளுடைய விரலைப் பிடித்துப் பழக்கியது தன் கைதான் என்ற நினைப்பை அவனால் தள்ள முடியவில்லை. அவனுக்கு அவள் மேல் கோபம்கூட வந்தது. சாகக் கிடக்கும்போதும் நலம் என்று சொல்லுவாளா ஒருத்தி? பிறகு, கொழும்பிலிருந்து தினமும் போனில் தான் கேட்பதும் அவள் சொல்வதும் நினைவுக்கு வந்தன. எப்படி இருக்கே? நல்லா இருக்கேன். கோயில் படியில் மயங்கி விழுந்த நாளிலும் அவள் அதைத்தான் சொன்னாள். விழுந்த விஷயம் அவனுக்கு ஊரிலிருந்து வந்த வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை சுதர்ஷினி வாட்சை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். நடந்ததெல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"மாமா, இத மாத்தலாம். அந்தப் பச்சை சிவப்புக் கேள்வி எத்தனை தடவை வரணும்னு பாத்து ஏதாவது செய்யலாம். நான் கம்பெனிக்காரங்ககிட்டக் கேக்கிறேன். விலையும் கொஞ்சம் குறைச்சுத் தரச் சொல்றேன்."

"வாட்ச்சுல குத்தம் இல்ல பாப்பா. கேக்க வேண்டிய நேரத்துல சரியாக் கேட்டுச்சு."

"அப்ப வாங்குங்களேன். மயங்கி அப்படியே விழுந்தா, அமுக்க முடியாது இல்லையா? அப்ப அது அடிக்கும்."

அது உண்மைதான். முத்துலிங்கம் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றான். வாங்கிக் கட்டிவிட்டால், போன் அடிக்காத ஒவ்வொரு நாளும் அவள் நலமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவன் கொழும்பில் சேலை மடிப்பான். அந்த நிம்மதிதான் நேற்று அவளை மழையில் போட்டுவிட்டு நோர்வூட்டில் கடை கடையாக நடந்தது.

"என் நிம்மதிக்கு வேணும்னா இது நல்ல வாட்ச் பாப்பா" என்றான். "அவளுக்கு வேற ஏதாவது பாக்கணும்."

"என்னா பாப்பீங்க?"

"தெரியல" என்றான்.

*

நாலைந்து நாள் கழித்து நாகலெட்சுமியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முத்துலிங்கம் இன்னும் ஒரு வாரம் லீவு சொல்லி, முதலாளியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டான். அன்று மாலை, வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. காளியாயி ஒரு சட்டியில் மிளகு ரசத்தோடு உள்ளே வந்தாள். நாகலெட்சுமி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"திருப்பிக்க, திருப்பிக்க. காலைத் திருப்ப முடியாதுல்ல" என்றாள் காளியாயி. முத்துலிங்கத்தைப் பார்த்து, "வாட்ச் வாங்கிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டாள்.

"இல்ல. குடுத்துட்டேன்."

"இவளுக்காவது வாங்கிக் குடுக்க ஆள் இருக்கு. நான் விழுந்தா, மறுநாள் நிறுக்கிற எடத்துல ஒரு சாக்குக் குறையுதேன்னு பாத்துத்தான் தேடுவாங்க." காளியாயியின் புருஷன் இறந்து மூன்று வருடம். மகன் வெளிநாட்டில். இதை அவள் அழாமல், அரிசி விலையைச் சொல்வது போலச் சொன்னாள்.

முத்துலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாளும் தன் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தது அவனும்தான்.

"காளியாயி, ரெண்டு துண்டையும் ரெண்டு பேரும் சேந்து எடுத்தா என்ன? ஒரு நாளைக்கு உன் துண்டு. மறுநாள் அவ துண்டு. யாரு துண்டுல எடுக்கிறீங்களோ, அன்னைக்குக் கொழுந்து அவுங்க பேர்ல. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நிரையில நிப்பீங்க."

சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது. "என் மரத்துல அவ கை வைக்கிறதா? மட்டம் பாக்காம முத்தலையும் சேத்துப் புடுங்குவா."

"ஆமா, இவ மரத்துல தங்கமா வெளையுது! கவ்வாத்து வெட்டி எத்தனை காலமாச்சு, காடா கெடக்கு."

"அப்ப எதுக்குடி கானோரத்து மரத்துக்கு அந்த அடி அடிச்ச?"

"நீ அடிச்சே, நானும் அடிச்சேன்."

இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். சண்டை மெல்ல, எந்தத் துண்டை முதலில் எடுப்பது என்பதில் வந்து நின்றது. கால் எலும்பு கூடும்வரை நாகலெட்சுமியின் துண்டு காடாகிவிடாமல் பார்த்துக்கொள்வதாகக் காளியாயி சொன்னாள். அதற்குப் பதிலாக, கால் கூடியதும் முதல் வாரம் தன் துண்டில்தான் என்றாள். நாகலெட்சுமி யோசித்தாள். சரி என்று சொல்லாமல், "ரசத்துல உப்பு இல்ல" என்றாள்.

காளியாயி கட்டிலில் உட்கார்ந்து, மாவுக்கட்டுக்கு மேலே முழங்காலைத் தொட்டாள்.

"வலிக்குதா?"

"இல்ல. நல்லா இருக்கு."

காளியாயி விரலைக் கொஞ்சம் அழுத்தினாள்.

"ஐயோ! அம்மா! வலிக்குதுடி, சண்டாளி!"

"பாத்தீங்களா அண்ணே, இவகிட்ட இப்படித்தான் கேக்கணும்" என்று காளியாயி எழுந்தாள். "மலையில இவ உக்காந்தா நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். நேரா வந்து தூக்குவேன். நான் உக்காந்தா இவ தூக்கட்டும். என் நம்பர வச்சுக்கங்க. கொழும்புலேருந்து இவ எப்படி இருக்கான்னு தெரியணும்னா, எனக்கு அடிங்க."

முத்துலிங்கம் போனை எடுத்து, அவள் சொல்லச் சொல்ல நம்பரைப் போட்டுக்கொண்டான்.

"என் சுகத்த இனிமே அவகிட்டதான் கேப்பீங்களா?" என்றாள் நாகலெட்சுமி.

"ஆமா" என்றான்.